ஐஸ் பாக்கி

தடைக்காலம் தொடங்கி ஆறாம் நாள்.
படகெல்லாம் கட்டிக் கிடக்க
ஐஸ் பாக்கிக்குக் காசில்லாத தேசிங்கு
கோணிப்பையில் இரண்டு முயல் கொண்டுவந்தான்.
"கறி மூணு கிலோ தேறும் சார், கழிச்சிக்குங்க."
முதலாளி சிரித்துவிட்டு
என் மேசைப் பக்கம் கையைக் காட்டினார்.
பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவதென்று தெரியாமல்
வீட்டுக்குத் தூக்கிவந்தேன்.

அன்றைக்கு ராத்திரியே
சட்டைப்பையில் இருந்த பால் ரசீதைத் தின்றது ஒன்று.
அது ரசீது.
மற்றது வவுச்சர்.

மொட்டைமாடியில் ஒன்பது தெர்மாகோல் பெட்டி,
போன மாதம்வரை வஞ்சிரம் படுத்திருந்தவை.
மூன்று நாள் கழுவியும் உப்பு விடவில்லை.
முதல் பெட்டியில் போட்ட வெந்தயம்
இரண்டு இலை விட்டு, வெளுத்து, செத்தது.
மற்றதற்கெல்லாம்
அடியில் ஆணியால் குத்தி
குடம் குடமாய் நல்ல தண்ணீர் ஊற்றி
கடலைக் கொஞ்சம் கொஞ்சமாய் வடியவிட்டேன்.
அப்புறம்தான் கொத்துமல்லி வந்தது.

புதினா, கீழ்வீட்டு சுபைதா
பிரியாணிக்கு ஆய்ந்துவிட்டுத் தந்த தண்டு.
பெயிண்ட் வாளியில் கல்யாண முருங்கைக் கொம்பு.
முள்ளங்கி இலை அவர்களுக்கு,
கிழங்கு எனக்குச் சாம்பாருக்கு.
அருகம்புல் நான் வைத்ததில்லை,
வண்டிமண்ணோடு வந்தது.
சங்கடஹர சதுர்த்திக்கு
பக்கத்துத் தெருவிலிருந்து கேட்டு வந்தார்கள்.
ரசீது கடித்தது போக மிச்சம் கொடுத்தேன்.
பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

வெங்காயத்தாள் ஆகாது.
தக்காளி இலை ஆகாது.
பசலை தினமும் ஆகாது.
கேரட் படத்தில்தான் முழுசாய்;
இங்கே ஞாயிற்றுக்கிழமை
விரல்கடை அளவு.
ஈரக்கீரை வயிற்றை உப்பவைக்கும் என்று
ஆய்ந்ததைத் துண்டில் விரித்து
விசிறியைப் போட்டுவிட்டு
கூடத்தில் வியர்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.
வீட்டில் இருப்பது ஒரே விசிறி.

கத்திரி வெயிலில் காது இரண்டும் சிவந்து
முயல்கள் தரையோடு தரையாய்ப் படுத்தன.
கம்பெனியில் உடைந்து விழுந்த ஐஸைச்
சாக்கில் சுற்றி எடுத்துவந்து
கூண்டோரம் வைத்தேன்.
இருபத்திரண்டு வருஷத்தில்
கணக்கில் எழுதாத ஐஸ்
அது ஒன்றுதான்.

மே கடைசியில் ஒருநாள்
காற்று சிப்காட் பக்கமிருந்து திரும்பி வீசிய ராத்திரி
வவுச்சர் சாப்பிடவில்லை.
காற்றா, வயிறா, தெரியாது.
கொத்துமல்லியை முகர்ந்து திரும்பிக்கொண்டது.
புதினாவை முகரவுமில்லை.
மஞ்சக்குப்பம் டாக்டர் போனில்
"முயல் பட்டினி கிடக்கக்கூடாது சார்,
வயித்தத் தடவிக்கிட்டே இருங்க,
காலையில முதல் வேலையா தூக்கிட்டு வாங்க" என்றார்.
மாடியில் திறந்துவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்து தடவினேன்.
உள்ளங்கைக்குள்
யாரோ அவசரமாய்க் கணக்குக் கூட்டுவதுபோல் இதயம்.
எப்போது தூங்கினேனோ.

மூன்று மணிக்கு
கறுக், கறுக் என்று சத்தம்.
நான் கைவிட்ட அந்த உப்புப் பெட்டியில்
யாரும் விதைக்காமல் படர்ந்திருந்த மூக்கிரட்டையை
வேரோடு இழுத்துக்கொண்டிருந்தது வவுச்சர்.
மீசையில் மண்.
விடியும்போது பெட்டியோரம்
மிளகு மிளகாய்ப் பதினோரு புழுக்கை.
எண்ணிப் பார்த்தேன்.
இரண்டாம் முறையும் எண்ணினேன்,
தொழில் புத்தி.
பிறகு முருங்கை வாளியில் போட்டேன்.

தடை முடிந்தது.
முதல் வாடைக்குப் போய்வந்த தேசிங்கு
மீன்வாசம் வீசும் நோட்டுகளை எண்ணிவைத்து
மீதிப் பாக்கியை அடைத்தான்.
நாளைக்கு நாற்பது பார் எழுதச் சொன்னான்.
படி இறங்கப்போனவன் நின்று,
"கறி எப்பிடி சார் இருந்திச்சி?"

பேரேட்டில் அந்த வரி
இன்னும் தலைப்பில்லாமல்தான் இருக்கிறது.

"புதினா கொஞ்சம் தூக்கல்" என்றேன்.